யுவான் 7-ஐத் தாண்டிய திங்கட்கிழமை

2019 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. அன்றைக்கு எந்த டிவியைப் போட்டாலும் காஷ்மீர்தான். 370-வது பிரிவு பற்றிய அறிவிப்பு காலையிலேயே வந்துவிட்டது. திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் ஏற்றுமதிக் கம்பெனியிலும் ஆபீஸ் ஆட்கள் எல்லாம் டீ டம்ளரோடு டிவி முன்னால் நின்றிருந்தார்கள். முதலாளி மட்டும் தன் அறையில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காஸ்டிங் ஷீட்டில், அதாவது விலைக் கணக்குத் தாளில், கையெழுத்து வாங்கப் போன என் பக்கம் அந்தப் போனைத் திருப்பினார்.

"ஏழைத் தாண்டிருச்சு பாரு கண்ணு. இனி எல்லாரும் ரேட்டைக் குறைன்னு வருவாங்க."

ஒரு டாலருக்கு 7 யுவான். அந்த எண் ஏற ஏற யுவான் மலிவாகிறது என்று பொருள். 2008-க்கு அப்புறம் சீன நாணயம் அந்தக் கோட்டைத் தாண்டியதே இல்லை. அன்று மாலை வாஷிங்டனில், நமக்குச் செவ்வாய் அதிகாலையில், அமெரிக்க நிதியமைச்சர் ஸ்டீவன் முனுச்சின் சீனாவை 'கரன்சி மேனிபுலேட்டர்' என்று அறிவித்தார். தன் நாணயத்தின் மதிப்பை வேண்டுமென்றே கீழே அழுத்தி, அதன் மூலம் தன் சரக்கை மலிவாக விற்கும் நாடு என்று பொருள். 1994-க்குப் பிறகு எந்த நாட்டின் மேலும் அமெரிக்கா அந்த முத்திரையைக் குத்தியது கிடையாது. அந்த வாரமே எங்களுக்கு ஒரு பையரிடமிருந்து, அதாவது எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, மெயில் வந்தது. சீனாவிலிருந்து குறைந்த விலை வந்திருக்கிறது, உங்கள் விலையை மறுபடி ஒருமுறை பாருங்கள் என்று இரண்டே வரி.

இந்த விஷயத்தைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து மனதில் இருக்கிறது. பொருளாதாரம் படித்தவன் இல்லை நான். காஸ்டிங் மேசையில் இருபது வருடம் உட்கார்ந்தவன். ஒரு டி-ஷர்ட்டின் காஸ்டிங் ஷீட்டைப் பார்த்தால் நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், துறைமுகம் வரை லாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். எல்லாம் ரூபாயில். கடைசியில் ஒரே ஒரு கட்டம்: டாலர் ரேட். மேலே இருபது பேர் பேரம் பேசி, பைசா பைசாவாகக் குறைத்த கணக்கை அந்த ஒரு கட்டம் தலைகீழாக்கிவிடும். அந்தக் கட்டத்தை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி எனக்குப் பாடமாக வந்ததல்ல, வேலையிலிருந்து வந்தது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சீனா தன் நாணயத்தை அழுத்தி வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. ஏறக்குறைய 2003-லிருந்து பத்து வருடம் அது அப்பட்டமான உண்மை. அந்த வருடங்களில் அமெரிக்கா முத்திரையைக் கையில் எடுக்கவே இல்லை. 2019-ல், அந்தப் பழி சீனாவுக்குப் பொருந்தாத காலத்தில், எடுத்துக் குத்தியது. ஐந்து மாதத்தில் தானே அழித்தும் விட்டது. இதனால் அடிபட்ட தொழிலாளி அமெரிக்காவிலும் இருக்கிறான், சீனாவிலும் இருக்கிறான். இரண்டு பேருக்கும் நியாயம் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நாணயத்தை எப்படி அழுத்துவார்கள்? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நினைப்பதுபோல ஒரு அதிகாரி உட்கார்ந்து எண்ணை மாற்றி எழுதுவதோடு இது முடிவதில்லை. சீனாவில் ஒரு பொம்மைத் தொழிற்சாலை அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புகிறது. டாலர் வருகிறது. கூலி கொடுக்க, கரண்ட் பில் கட்ட யுவான் வேண்டும். டாலரை விற்று யுவான் வாங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகள் யுவானைக் கேட்டால் யுவானின் விலை ஏற வேண்டும். ஏறினால் பொம்மையின் விலை டாலரில் கூடும், ஆர்டர் குறையும், மெல்ல மெல்ல வரவும் செலவும் சமமாகும். சந்தை அப்படித்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த இடத்தில் சீன மக்கள் வங்கி, அதாவது அவர்களின் ரிசர்வ் வங்கி, நடுவில் வந்து நின்றது. வருகிற டாலரை எல்லாம் தானே வாங்கிக்கொண்டு, அதற்கு யுவானை அச்சடித்துக் கொடுத்தது. யுவான் ஏறவில்லை.

1994 ஜனவரி 1-ம் தேதி சீனா தன் இரண்டு வகை மாற்று விகிதங்களை ஒன்றாக்கியபோது அதிகாரபூர்வ விலை டாலருக்கு 5.8-லிருந்து 8.7 யுவானுக்குப் போனது. அப்புறம் மெல்ல இறங்கி 8.28-ல் வந்து நின்றது. ஆசிய நெருக்கடி வந்தது, சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, ஏற்றுமதி பல மடங்கு பெருகியது, யுவான் மட்டும் 2005 ஜூலை வரைக்கும் அதே 8.28. அந்த மாதம் 21-ம் தேதி 2.1 சதவீதம் உயர்த்தி 8.11 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு மெதுவாக ஏற விட்டார்கள். 2008-ல் உலக நெருக்கடி வந்ததும் 6.83-ல் மறுபடி பிடித்து நிறுத்தி, 2010 ஜூன் வரை வைத்திருந்தார்கள்.

வாங்கிய டாலர் எங்கே போனது? கையிருப்பில் குவிந்தது. 2000-ம் ஆண்டு முடிவில் சீனாவிடம் இருந்த அன்னியச் செலாவணி சுமார் 16,600 கோடி டாலர். 2007 முடிவில் ஒன்றரை லட்சம் கோடி டாலர். 2014 நடுவில் ஏறக்குறைய 4 லட்சம் கோடி டாலர். இதில் ஒரு பெரிய பங்கை அமெரிக்க அரசுப் பத்திரங்களில் போட்டார்கள். அதாவது, தன் சரக்கை வாங்குவதற்கான கடனையும் சீனாவே அமெரிக்காவுக்குக் கொடுத்தது. நம் ஊரில் மளிகைக்கடைக்காரர் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு சரக்குக் கொடுப்பார் அல்லவா, அந்த மாதிரி. நோட்டில் இருந்த தொகை லட்சம் கோடிகளில்.

இதற்கான விலையைச் சீனாவில் யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டாலருக்குப் பதிலாக அச்சடித்துவிட்ட யுவான் நாட்டில் விலைவாசியை ஏற்றிவிடாமல் இருக்க, அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். வங்கிகள் மக்கள் வங்கியிடம் கட்டாயமாகப் போட்டு வைக்க வேண்டிய பணத்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். மக்கள் சேமிப்புக்கு இவ்வளவுதான் வட்டி என்று உச்சவரம்பு வைத்தார்கள். பல வருடங்களில் அந்த வட்டி விலைவாசி உயர்வைக்கூடத் தொடவில்லை. ஷென்சென் பக்கம் கிராமத்திலிருந்து வந்து தையல் மெஷினில் உட்கார்ந்த பெண் வங்கியில் போட்ட பணம் வருடா வருடம் தேய்ந்தது. அவள் வாங்க நினைத்த வெளிநாட்டுப் பொருள், குடும்பத்துக்குத் தேவையான எண்ணெய் என எல்லாமே, யுவான் அழுத்தப்பட்டிருந்ததால் அவளுக்கு விலை கூடுதல். அந்தக் காலத்தில் சீனாவின் மொத்த உற்பத்தியில் குடும்பங்கள் செலவழித்த பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டி வந்துவிட்டது. இவ்வளவு உழைக்கிற ஒரு தேசத்தில், உழைத்ததில் இவ்வளவு குறைவாக அனுபவித்த மக்கள் அரிது.

மறுபக்கம் அமெரிக்கா. அங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் 2000-ல் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர். 2010-ல் சுமார் 1 கோடியே 15 லட்சம். எல்லாவற்றுக்கும் சீனா காரணம் என்று சொல்ல மாட்டேன். மெஷின்கள் உண்டு, 2008 நெருக்கடி உண்டு. ஆனால் வட கரோலினாவில் ஹிக்கரி போன்ற மர ஃபர்னிச்சர் ஊர்கள் அடிவாங்கியதில் சீன இறக்குமதிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அங்குள்ள பொருளாதார ஆய்வாளர்களே ஊர் ஊராகக் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரே தொழிலை நம்பி இருக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று திருப்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நூல் விலை ஏறினால் எங்கள் ஊரில் பேக்கரி வியாபாரம்கூடக் குறையும்.

அந்தச் சமயத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கோபம் இல்லாமல் இல்லை. சார்லஸ் ஷூமர், லிண்ட்சே கிரஹாம் என்ற இரண்டு செனட்டர்கள், ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி, சீனச் சரக்குக்கு 27.5 சதவீத வரி போட வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்கள். அந்த 27.5 எப்படி வந்தது தெரியுமா? யுவான் 15 முதல் 40 சதவீதம் வரை குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று நிபுணர்கள் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எண் அது. 2005 ஏப்ரலில் அதை ஓரங்கட்டப் பார்த்தபோது 67 பேர் மசோதாவின் பக்கம் நின்றார்கள், 33 பேர்தான் எதிராக. மூன்று மாதத்தில் சீனா அந்த 2.1 சதவீதத்தை உயர்த்தியது.

1988-ல் வந்த ஒரு சட்டப்படி, அமெரிக்க நிதித்துறை வருடத்துக்கு இரண்டு தடவை உலக நாடுகளின் நாணயக் கொள்கையைப் பரிசீலித்து அறிக்கை கொடுக்க வேண்டும். யாராவது நியாயமற்ற ஆதாயத்துக்காக நாணயத்தைத் திரித்தால் பெயர் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவை தென்கொரியாவும் தைவானும். 1992 முதல் 1994 வரை சீனா. அதன் பிறகு, சீனாவின் நடப்புக் கணக்கு உபரி (வெளிநாடுகளோடு நடக்கும் வர்த்தகத்திலும் வருமானத்திலும் செலவு போக மிஞ்சும் வரவு) அதன் மொத்த உற்பத்தியில் சுமார் 10 சதவீதம் என்ற, ஒரு பெரிய நாடு எட்டவே கூடாத உயரத்துக்குப் போன 2007-ல்கூட, அறிக்கை முத்திரை குத்தவில்லை. சீனாவின் 'நோக்கம்' இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார்கள். 2009 ஜனவரியில் நிதியமைச்சராகப் பொறுப்பேற்க இருந்த டிமோத்தி கைத்னர், சீனா நாணயத்தைத் திரிக்கிறது என்று அதிபர் ஒபாமா நம்புகிறார் என எழுத்தில் கொடுத்தார். ஏப்ரலில் அவர் துறை வெளியிட்ட அறிக்கையில் அந்த முத்திரை இல்லை.

ஏன்? எனக்குத் தோன்றுவது இது. சீனாவில் சரக்கு செய்து அமெரிக்காவில் விற்ற அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மலிவான யுவான் லாபம். சீனா வாங்கிய பத்திரங்களால் அமெரிக்க அரசுக்குக் குறைந்த வட்டியில் கடன். பெரிய கடைகளில் விலை ஏறாததால் வாங்குகிறவருக்கும் சந்தோஷம். நஷ்டப்பட்டது ஹிக்கரி மாதிரி ஊர்கள்தான். வாஷிங்டனில் அவர்கள் குரல் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2007-ல் திருப்பூரில் நாங்களும் அதையேதான் கேட்டோம். அந்த வருடத் தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய். வருடக் கடைசியில் 40-க்குக் கீழே. நாட்டுக்குள் வெளிநாட்டு முதலீடு கொட்டியது, ரூபாய் ஏறியது, செய்தித்தாள்கள் எல்லாம் ரூபாயின் வலிமை என்று கொண்டாடின. எங்கள் ஊரில் துக்கம். ஜனவரியில் 44 என்று போட்டு எடுத்த ஆர்டரை மே மாதம் கப்பல் ஏற்றும்போது 41-க்கும் கீழே. ஒரு லட்சம் டாலர் இன்வாய்ஸில் மூன்று லட்சத்துக்கு மேல் போய்விடும். நூறு ரூபாய்க்கு ஐந்தோ ஆறோ லாபம் பார்க்கும் தொழிலில் அது முழு லாபத்தையும் தின்று முதலையும் தொடும். அன்றைக்கு எங்கள் முதலாளி, பக்கத்துக் கம்பெனி முதலாளி, சாயப்பட்டறைக்காரர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: ரிசர்வ் வங்கி டாலரை வாங்க வேண்டும், ரூபாயை ஏற விடக்கூடாது.

ரிசர்வ் வங்கி வாங்கவும் செய்தது, ஏராளமாக. வாங்கியதால் சந்தையில் கூடும் ரூபாயை உறிஞ்சிக்கொள்ள 2004-லேயே தனியாக ஒரு பத்திரத் திட்டம் இருந்தது. சீனா செய்ததற்கும் இதற்கும் வேலை ஒன்றுதான். அளவும் காலமும்தான் வேறு. இந்தியாவுக்கு நடப்புக் கணக்கில் உபரி இல்லை, பற்றாக்குறைதான். அதனால் நம்மைச் சீனாவோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் 'இது திருட்டு' என்று சீனாவைப் பார்த்துச் சொல்ல என் வாய் எழவில்லை, ஏனென்றால் மாதச் சம்பளம் வருமா என்று பயந்த அந்த நாட்களில் நானும் அதைத்தான் விரும்பினேன்.

அதே பயத்தில்தான் பலர் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில், அதாவது நாணய விலை எப்படிப் போகும் என்று பந்தயம் கட்டுவது மாதிரியான ஒப்பந்தங்களில், போய் விழுந்தார்கள். டாலருக்கு எதிராக சுவிஸ் பிராங்க் இந்த எல்லையைத் தொடாது, தொடாவிட்டால் உங்களுக்கு இவ்வளவு வரும் என்று சொல்லி விற்றார்கள். பனியன் தைக்கிறவனுக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. 2008-ல் பிராங்க் எல்லையைத் தொட்டது. வழக்கு, கடன், சிலர் கம்பெனியையே மூடினார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு யூனிட்டின் பவர் டேபிள்களை, தையல் மெஷின் மேசைகளை, லாரியில் ஏற்றியதைப் பார்த்தேன். வரிசையாக, தலைகீழாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி. அந்த டேபிள்களில் உட்கார்ந்திருந்தவர்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, சீனா ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தது? அவர்கள் பயந்தது ஜப்பானின் கதையைப் பார்த்து. 1985 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் பிளாசா ஹோட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி டாலரின் விலையைக் கீழே கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். அப்போது ஒரு டாலருக்கு சுமார் 240 யென். இரண்டே வருடத்துக்குள் 150-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஏற்றுமதி நொறுங்கிவிடாமல் இருக்க ஜப்பான் மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே போய் 1987 பிப்ரவரியில் 2.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. மலிவான பணம் நிலத்திலும் பங்கிலும் பாய்ந்தது. 1989 டிசம்பர் கடைசியில் ஜப்பான் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 38,915. அதற்குப் பிறகு வந்த சரிவிலிருந்து ஜப்பான் எழ எத்தனை வருடம் ஆனது என்பது தெரிந்ததுதான். பிளாசாவால்தான் எல்லாம் கெட்டது என்பது மிகையான பேச்சு, வட்டியைக் குறைத்து அங்கேயே வைத்திருந்தது ஜப்பான் தானே எடுத்த முடிவு. பெய்ஜிங்கில் இருந்தவர்கள் அப்படிப் படிக்கவில்லை. அமெரிக்கா சொன்னபடி நாணயத்தை ஏற்றினால் இந்தக் கதிதான் என்று படித்தார்கள்.

அப்புறம் கதை திரும்பியது. 2014-க்குப் பிறகு சீனாவிலிருந்து பணம் வெளியே ஓட ஆரம்பித்தது. 2015 ஆகஸ்ட் 11-ம் தேதி மக்கள் வங்கி தான் நிர்ணயிக்கும் யுவானின் தினசரி விலையை ஒரே நாளில் 1.9 சதவீதம் இறக்கியதும் உலகச் சந்தையே ஆடிப்போனது. யுவான் இன்னும் சரியும் என்று பயந்தவர்கள் டாலரைத் தேடி ஓடினார்கள். இப்போது மக்கள் வங்கி செய்தது முன்பு செய்ததற்கு நேர் எதிர். குவித்த டாலரை எடுத்து விற்று, யுவானைத் தூக்கிப் பிடித்தது. 4 லட்சம் கோடியாக இருந்த கையிருப்பு 2017 ஜனவரியில் 3 லட்சம் கோடி டாலருக்கும் கீழே வந்தது. யுவானைச் சந்தையின் போக்கில் விட்டிருந்தால் இன்னும் மலிவாகியிருக்கும்.

அந்த வருடங்களில்தான் டொனால்ட் டிரம்ப், பதவியேற்ற முதல் நாளே சீனாவுக்கு முத்திரை குத்துவேன் என்று ஊர் ஊராகப் பேசினார். பதவிக்கு வந்து மூன்று மாதத்தில், 2017 ஏப்ரலில், அவர்கள் நாணயத்தைத் திரிப்பவர்கள் இல்லை என்றார். வடகொரியா விஷயத்தில் சீனாவின் உதவி தேவைப்பட்டது, அதை அவரே மறைக்காமல் சொன்னார்.

இதற்கிடையில் 2016-ல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, நோக்கம் என்ன என்று தேடாமல் மூன்று அளவுகோல்களை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவோடு சரக்கு வர்த்தகத்தில் 2,000 கோடி டாலருக்கு மேல் உபரி, மொத்த நடப்புக் கணக்கில் பெரிய உபரி, வருடத்தில் பல மாதங்கள் தொடர்ந்து டாலர் வாங்கிக் குவிப்பது. 2019 மே மாத அறிக்கையில் சீனா இதில் முதலாவதில் மட்டும்தான் மாட்டியது. 2018-ல் அதன் நடப்புக் கணக்கு உபரி மொத்த உற்பத்தியில் 1 சதவீதம்கூட இல்லை. முத்திரை கிடையாது என்று முனுச்சின் கையெழுத்திட்ட அந்த அறிக்கையின் மை காய்வதற்குள் ஆகஸ்ட் வந்தது. 1-ம் தேதி டிரம்ப் இன்னும் 30,000 கோடி டாலர் மதிப்புள்ள சீனச் சரக்குக்கு 10 சதவீத வரி என்று அறிவித்தார். வரி வருகிறது என்று தெரிந்தால் அந்த நாட்டின் நாணயத்தைச் சந்தை விற்கத்தான் செய்யும். நான்கு நாளில் யுவான் 7-ஐத் தாண்டியது. சீனா அதைப் பிடித்து நிறுத்தவில்லை. கவனியுங்கள், அழுத்தவில்லை, பிடிப்பதை விட்டது. அதற்குத்தான் முத்திரை.

நான்கு நாள் கழித்து சர்வதேச நிதியம் வெளியிட்ட சீனா பற்றிய வருடாந்திர அறிக்கை, 2018-ல் யுவானின் மதிப்பு பொருளாதார நிலைக்குப் பெரும்பாலும் ஏற்றதாகவே இருந்தது என்று சொன்னது. 2020 ஜனவரி 13-ம் தேதி முத்திரை நீக்கப்பட்டது. 15-ம் தேதி வாஷிங்டனில் முதல் கட்ட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு நாள் இடைவெளி. ஒப்பந்தத்துக்கு வந்தால் எடுத்துவிடுகிறோம் என்பது பேரம், நாணய விகிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்களுக்கு அந்த மெயில் வந்த கதைக்கு வருகிறேன். அந்த வாரம் ரூபாயும் சரிந்து 70-ஐத் தாண்டியிருந்தது. ரூபாய் சரிந்தால் ஏற்றுமதிக்காரனுக்கு லாபம் என்று வெளியே எல்லோரும் நினைக்கிறார்கள். பையருக்கும் அது தெரியும். ரூபாய் சரிந்த மறுநாளே, உங்களுக்குத்தான் கூடுதலாகக் கிடைக்கிறதே, அதில் பங்கு கொடுங்கள் என்பார். ஒரு பீஸுக்கு 8 சென்ட் குறைத்தோம். ஜிப், பட்டன், பாலியஸ்டர் துணி எல்லாம் சீனாவிலிருந்து டாலரில் வருவது, அதற்கு ரூபாயில் கூடுதல். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. டாலர் ரேட் கட்டத்தை மாற்றி எழுதினேன், லாபக் கட்டம் முன்பு இருந்த இடத்திலேயே நின்றது. தைத்தவர்களின் பீஸ் ரேட்டும் அதே.

ஐபோனைப் பற்றிய ஒரு பழைய கணக்கும் இதே மாதிரிதான். 2009-ல் ஒரு ஐபோனின் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர் என்றும், அதில் சீனாவில் சேர்க்கப்பட்ட பொருத்தும் கூலி 6.50 டாலர் மட்டுமே என்றும் இரண்டு ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். மீதியெல்லாம் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வந்த பாகங்கள். யுவானை 20 சதவீதம் ஏற்றினால் மாறுவது அந்த ஆறரை டாலரில்தான். வர்த்தகப் பற்றாக்குறை கணக்கிலோ 179-ம் சீனாவின் பெயரில் ஏறும்.

2020 டிசம்பரில் முத்திரை வாங்கியவை சுவிட்சர்லாந்தும் வியட்நாமும். சுவிட்சர்லாந்தின் நிலை பரிதாபமானது. உலகத்தில் எங்கே பயம் வந்தாலும் பணம் அங்கே ஓடுகிறது, பிராங்க் ஏறிக்கொண்டே போகிறது, கடிகாரமும் மருந்தும் விற்கிற அந்தச் சின்ன நாடு மூச்சுத் திணறாமல் இருக்க டாலரும் யூரோவும் வாங்குகிறது. 2021 ஏப்ரலில் புதிய அமெரிக்க நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் வந்து இரண்டு நாடுகளின் முத்திரையையும் நீக்கினார். மூன்று அளவுகோல்களிலும் அவை அப்போதும் மாட்டியே இருந்தன. இந்தியாவும் 2018-ல் அமெரிக்க நிதித்துறையின் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது, 2019-ல் இறங்கியது, 2020-ல் மறுபடி ஏறியது, 2022-ல் மறுபடி இறங்கியது. அந்த நான்கு வருடத்தில் எங்கள் காஸ்டிங் ஷீட்டில் அதனால் ஒரு பைசா மாறியதாக எனக்கு நினைவில்லை.

2025 ஏப்ரல் 2. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் டிரம்ப் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். நாடுகளின் பெயர், பக்கத்தில் இரண்டு எண்கள். முதல் எண்ணுக்கு மேலே எழுதியிருந்தது இது: அமெரிக்காவிடம் வசூலிக்கப்படும் வரி, நாணயத் திரிப்பும் வர்த்தகத் தடைகளும் உட்பட. இந்தியாவுக்கு 52. அதில் பாதியாக 26 சதவீதம் நம் மேல் வரி. சீனாவுக்கு 67, வியட்நாமுக்கு 90, இலங்கைக்கு 88. காலையில் கண் விழித்ததும் போனில் அந்த அட்டையின் படம் பத்து குரூப்பில் வந்திருந்தது.

88 என்பதை நான் நம்ப முடியாமல் பார்த்தேன். இரண்டு நாளில் கணக்கு வெளியே வந்தது. அந்த நாட்டோடு அமெரிக்காவுக்கு இருக்கும் சரக்குப் பற்றாக்குறையை, அந்த நாட்டிலிருந்து செய்யும் இறக்குமதியால் வகுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இலங்கையிலிருந்து 2024-ல் சுமார் 300 கோடி டாலர் சரக்கு அமெரிக்காவுக்குப் போனது, பெரும்பகுதி ஆடை. அமெரிக்காவிலிருந்து இலங்கை வாங்கியது சுமார் 37 கோடி. கழித்து வகுத்தால் 88. இதில் இலங்கை ரூபாயின் விலை எந்த இடத்தில் வருகிறது? எங்கேயும் வரவில்லை. எந்த மத்திய வங்கி டாலர் வாங்கியது, எது விற்றது என்று யாரும் பார்க்கவே இல்லை.

இலங்கையின் நாணயக் கதை தமிழ் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. ரூபாயை டாலருக்கு 200 என்று விடாப்பிடியாக மேலே தூக்கி வைத்திருந்தார்கள், அழுத்தி வைக்கவில்லை. 2022 மார்ச்சில் கையை விட்டதும் இரண்டு மாதத்தில் 360. ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. எரிவாயு இல்லை, மருந்து இல்லை, பேப்பர் இல்லாமல் பரீட்சை தள்ளிப்போனது.

எங்கள் கம்பெனியில் கொஞ்ச காலம் மெர்ச்சண்டைசிங் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு வவுனியாத் தம்பி இப்போது அங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறான். அந்த அட்டையின் படத்தை அனுப்பி, தலைப்பில் இருந்த 'நாணயத் திரிப்பு' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். டாலரை வாங்கிக் குவித்துச் சொந்தக் காசின் விலையைக் கீழே அழுத்தி வைப்பது என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"டொலரை வாங்கிக் குவிச்சு வச்சிருந்தா, பெற்றோலுக்கு மூண்டு நாள் ஏன் லைன்ல நிண்டனாங்கள் அண்ணை?"

300-க்கும் 37-க்கும் உள்ள அந்தக் கழித்தல் கணக்கை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அன்றைக்கு அவர்கள் தொழிற்சாலையில் இரண்டு ஆர்டருக்குத் துணி வெட்டாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.